பித்தளைக் கூட்டின் விலை

தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குக் குண்டைக் கண்டாலே வயிறு எரியும். கடைத் தோட்டா கட்டுப்படியாகாமல், வீட்டிலேயே தோட்டா செய்கிறவர் பரமானந்தம். சுட்டதும் கீழே விழும் கூட்டைப் பொறுக்கித் துடைத்து, வெடிமருந்து நிரப்பி, புதுக் குண்டு பொருத்துவார்.

"ஒவ்வொரு தடவையும் உன்னை மட்டும் காசு கொடுத்து வாங்குறாரு. நான் என்ன ஓசியா?" என்று தன் தலைமேல் உட்கார்ந்திருந்த குண்டிடம் கேட்டது கூடு.

"நான் போனா திரும்பி வர்றதில்லையே!"

"அப்படியா சேதி?"

அன்று சுட்டதும் கூடு துள்ளிப்போய்ப் புதருக்குள் ஒளிந்தது. அவர் மண்டியிட்டுத் தேடிக் களைத்துப்போனார்.

மறுவாரம் அதே இடத்தில் நண்பரிடம் புலம்பினார்: "குண்டு விலை பெரிசில்லைப்பா. கூடுதான் அதைப்போல மூணு மடங்கு!"

கூடு பூரித்துப்போய் எட்டிப் பார்த்தது.

அவரோ, அதற்குப் பதிலாகக் காசு கொடுத்து வாங்கிய புதுக் கூட்டைக் கைக்குட்டையில் பத்திரமாக முடிந்துகொண்டிருந்தார்.