அழும் இடம்

மகள் இறந்துபோன செய்தி தெரியாமல் சந்தையிலிருந்து அவளுக்கு வளையல் வாங்கிவரும் ஓர் அப்பாவின் கதையை, தமிழையா சங்கரநயினார் ஆறு வருடமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு நடத்திவந்தார். வாசலில் நின்று அந்த அப்பா, "பாப்பா, கைய நீட்டு" என்று கூப்பிடும் இடத்தில் ஐயா அழுதுவிடுவார். முதல் வருடம் அழுகை தானாக வந்தது. பிறகு அவரும் கொஞ்சம் ஒத்தாசை செய்தார்.

இன்று புத்தகத்தை மறந்துவிட்டு வந்ததால் முதல் பெஞ்சு ஜெபஷீலாவிடம் கை நீட்டினார். அவள் தயங்கினாள்.

"இது எங்க அக்கா படிச்ச பழைய புக்கு ஐயா. வேற வாங்கித் தரட்டுமா?"

"கதை பழசாகாதும்மா, குடு."

கதையில் அப்பா தெருமுனை திரும்பியபோது, வாசித்துக்கொண்டிருந்த ஐயா பக்கத்தின் ஓரத்தில் பென்சில் எழுத்தைக் கண்டார். 'அடுத்து கண்ணாடியைக் கழற்றுவார்.' கீழே வேறொரு கையெழுத்தில், 'கர்ச்சீப் இடது பாக்கெட்.' அதற்கும் கீழே, 'சிரிச்சா வெளியே அனுப்புவார். குனிஞ்சுக்கோ.'

அவர் விரல் ஏற்கனவே கண்ணாடியில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். நாற்பது தலைகளும் ஒழுங்காகக் குனிந்திருந்தன. காது மடல் சுட்டது. கண்ணாடியைக் கழற்றவும் முடியவில்லை, விரலை எடுக்கவும் முடியவில்லை. அப்படியே நின்றவருக்கு, கேட்காமலேயே கண் நிறைந்து, ஒரு சொட்டு பென்சில் எழுத்தின் மேல் விழுந்தது.

கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் கிசுகிசுத்தான்.

"டேய், அழுற இடத்துக்கு இன்னும் ரெண்டு வரி இருக்குடா."