ஓட்டையில்லாத பெட்டி

மூடிக்கிடக்கும் பேட்டரி ஆலையின் சுவர் நிழல் முற்றத்தில் விழுந்து கிடக்கிறது. இந்தத் தரை மண்ணில் இருக்கும் ஈயம் குழந்தையின் ரத்தத்திலும் ஏறிவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கணவன் பலகைப் பெட்டிக்குள் தார்ப்பாயை விரித்து, கடையில் வாங்கிய மண்மூட்டையைக் கவிழ்க்கிறான். மனைவி ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்க்கிறாள். விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்கிறது. முகர்கிறாள், நாக்கு நுனியிலும் வைத்துப் பார்க்கிறாள்.

"கீரைக்கு ஏத்த மண்ணு. தண்ணி வடிய அடியில ரெண்டு ஓட்டை போட்டுடறேன். இல்லைன்னா வேர் அழுகிடும்," என்று அவன் ஆணியை எடுக்கிறான்.

"ஓட்டையெல்லாம் போடாதீங்க."

இடுப்பிலிருக்கும் குழந்தையின் வாயோரத்தில் ஒட்டியிருக்கும் முற்றத்துக் கறுப்பு மண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு, குழந்தையைப் பெட்டியின் நடுவில் இறக்கிவிடுகிறாள்.

"இதுக்குள்ளயே விளையாடு கண்ணு. மண்ணு தின்னாலும் இதையே தின்னு."