கூட்டம் சேரட்டும்

கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த குளத்தில் முதல் மழை பிடித்துக்கொண்டது. பாட்டுக்குழுத் தவளைகள் வந்து வரிசையாக நின்றன. மண்ணுக்குள் உறங்கும் தவளைகளைப் பாடி எழுப்புவது அவற்றின் வழக்கம். மழை நிற்பதற்குள் எழுப்பாவிட்டால் மண் மறுபடி இறுகிவிடும்.

குழுவை நடத்தும் ஆமை, குளத்து நடுவில் இருந்த மேட்டில் ஏறிச் சுற்றிலும் பார்த்தது.

"ஈ காக்காய் இல்லை. இந்த வெறும் தரைக்கா நான் பாட்டு நடத்த வேண்டும்?"

"உங்களுக்கு இது அவமானம் ஐயா. கூட்டம் சேரட்டும்," என்றது தாளம் போடும் நண்டு. அதுவரை சும்மா இருப்பானேன் என்று, ஒரு காய்ந்த தாமரை இலையை எடுத்து ஆமைக்குப் பொன்னாடை போர்த்தியது. பொன்னாடை! அந்த மழையில்! ஆமையும் ஏற்புரையைத் தொடங்கிவிட்டது.

தூறல் மெலிந்தது. கடைசி வரிசையில் நின்ற கட்டைக்குரல் தவளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாம பாடினாத்தானே ஐயா கூட்டமே எழுந்து வரும்? மழை விடப்போகுது!"

"ஐயா கையசைக்காமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது," என்று நண்டு அதட்டியது.

"என் தங்கச்சி உள்ளே கிடக்கிறா. உங்க கையசைப்புக்காக அவ சாகணுமா?"

பதிலுக்குக் காத்திராமல் அது தொண்டை கிழியக் கத்தியது. மற்றவையும் சேர்ந்துகொண்டன.

முதலில் பிளந்தது ஆமை நின்ற மேடுதான். உள்ளிருந்து தவளைகள் முண்டியடித்து வெளியே வந்த வேகத்தில் ஆமை மல்லாந்து விழுந்தது.

"யாரைக் கேட்டு ஆரம்பித்தீர்கள்?" என்று நாலு காலையும் உதறிக்கொண்டு கத்தியது.

நண்டு அவசரமாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பியது. "உங்களையெல்லாம் எழுப்பிய ஐயாவுக்குப் பலமாக ஒரு கைதட்டு!"