புகைக்கு ஆகாத கண்

என் பெண்டாட்டி பூவாத்தாளுக்குக் கொள்ளி வைக்க மகன் இளம்பரிதி வந்தான். வந்தவன் சுடுகாட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கவே இல்லை.

அவன் கம்பெனியில் புதுக் கம்ப்யூட்டர் திரை வரும்போதெல்லாம், அதற்குத் தோதாக வேலை செய்கிறவர்கள் கண்ணை லேசர் வைத்து இலவசமாகச் சீவிவிடுவார்கள். சீவிச் சீவிக் கருவிழியின் மேல்தோல் வெங்காயச் சருகாகிவிட்டது. கசக்கினால் பிதுங்கிவிடுமாம். இலவசமாகச் செய்கிறவனை நான் நம்பியதில்லை. இவன் நம்பினான்.

“புகை பட்டா அரிக்கும்ப்பா. கை தன்னால கண்ணுக்குப் போயிரும். நீங்களே வச்சிருங்க.”

“பெத்தவளுக்குக்கூட முடியாதாடா?”

“கண்ணு போனா வேலை போயிரும்ப்பா.”

நானே வைத்தேன். திரும்பி வந்து கார் கதவைத் திறந்தால், அவன் முகமெல்லாம் கண்ணீர். துடைக்காமல் சட்டை நனைய உட்கார்ந்திருந்தான். சின்ன வயதில் அழுதால் என் துண்டால்தான் துடைத்துவிடுவேன். அதே பழக்கத்தில் துண்டை நீட்டினேன்.

“ஐயோ, தொடாதீங்க!” என்று மறுபக்கம் ஒண்டினான்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, விறகு அடுக்கிய மூக்கையாவிடம் போனேன்.

“நான் போனா நீயே கொள்ளி வச்சிரு, மூக்கையா.”

“என்ன அண்ணாச்சி, மகன் இருக்காருல்ல?”

“இருக்கான். கார்ல இருக்கான்.”