கடைசிவரை கொட்ட மறுத்த தேள்

குளத்தங்கரையில் வெள்ளைக் கொக்கு ஒன்று, வலித்தால் பாடம் ஏறுமா என்று ஆராய்ச்சி நடத்தியது. கொடியால் கட்டப்பட்ட அணில் பாடம் ஒப்பிக்க வேண்டும். தப்பு விட்டால் தேள் கொட்ட வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் விஷம் கூட வேண்டும்.

இவ்வளவு பெரிய படிப்பாளி சொல்கிறாரே என்று தேளும் இரண்டு முறை கொட்டிவிட்டது. அணில் துடித்து அழுததைப் பார்த்ததும் கொடுக்கை மடக்கிக்கொண்டது.

"போதும் ஐயா."

"பாதியில் நிறுத்தக் கூடாது. உனக்கு முன்னால் வந்த குளவியும் பூரானும் கடைசிவரை கொட்டின. என்ன ஆனாலும் பொறுப்பு என்னுடையது" என்றது கொக்கு.

"கொடுக்கு என்னுடையது ஐயா. அவ்வளவு அவசியமென்றால் நீங்களே கொத்துங்களேன். அலகு கூராகத்தானே இருக்கிறது?"

கொக்கு அலகைத் திறந்துகொண்டு குனிந்தது. ஒரே வாயில் தன்னை விழுங்கிவிடும் என்று தேளுக்குத் தெரியும். ஆனாலும் அது அந்த அலகுக்கு அடியிலேயே நடந்துபோய், கொடியை நறுக்கிவிட்டது. அணில் மரத்துக்குத் தாவியது.

அதட்டியே காரியம் சாதித்துப் பழகிய கொக்குக்கு அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அடுத்த ஆள் வரலாம்!" என்று கத்தியது.

தன் முறைக்காகக் காத்திருந்த கட்டெறும்பு, அதற்குள் தேளின் பின்னால் வெகுதூரம் போயிருந்தது.