மெட்டியை மறந்த கால்

கல்யாணமாகி ஒன்பது நாளாகியும் செண்பகவல்லியின் வலது கால் மெட்டியை மறக்கவில்லை. அது செயற்கைக் கால். தொட்டால் உணரும் தோல் போர்த்தியது. இடது கால் அன்றைக்கே மறந்துவிட்டிருந்தது.

காலைப் பொருத்திய இர்ஃபானிடம் போய் நின்றாள். “உறுத்திக்கிட்டே இருக்குண்ணே. கழட்டவும் மனசு வரல.”

அவர் சிரித்தார். “எங்க தப்புதாம்மா. ஓயாம சேதி சொல்ற மாதிரி செஞ்சிட்டோம். நிஜத் தோல் கெட்டிக்காரத் தோலு. ஏதாச்சும் மாறினாத்தான் வாயத் திறக்கும்.”

இடது கால் எப்போது உணர்கிறது, எப்போது அடங்குகிறது என்று கருவி வைத்து அளந்து, அதனிடமே பாடம் கேட்டு வலது காலைத் திருத்தினார். சாயங்காலத்துக்குள் மெட்டி மறந்துபோயிற்று.

மூன்றாம் நாள், சந்தை நெரிசலில் நடந்துகொண்டிருந்தவள் சட்டென நின்றாள். வலது கால் விரலில் ஏதோ குறைந்தது. குனிந்தாள். மெட்டி இரண்டடி பின்னால் புழுதியில் கிடந்தது.

“அட, என் கெட்டிக்காரி!” என்று நடுச்சந்தையில் காலைத் தட்டிக்கொடுத்தாள்.