சுவிட்ச் மேல் ஒரு டேப்

"இந்த சுவிட்சை மட்டும் தொட்டுடாதீங்க டாக்டர்" என்றபடி, டாக்டரின் இடுப்பில் மாட்டிய வயர்லெஸ் பெட்டியின் சுவிட்ச் மேல் டேப்பை ஒட்டினார் மைக்செட்காரர். பேச வருகிறவர்கள் பதற்றத்தில் அதை அணைத்துவிட்டு, மைக் சரியில்லை என்று அவரைத் திட்டுவது வாடிக்கையாகிவிட்டது.

"அப்ப நான் பேசறதெல்லாம் வெளியில கேக்குமே?"

"நீங்க மேடை ஏறினப்புறம்தான் ஸ்பீக்கரைத் திறப்பேன். கவலையே படாதீங்க."

இருமலை விழுங்கிக்கொண்டு, அரங்கின் கடைசியில் இருந்த தன் மேஜைக்குப் போய் ஹெட்போனை மாட்டினார். இரைச்சல் இல்லை. மேடைக்குப் பின்னால் டாக்டரும் உதவி டாக்டரும் பேசுவது கணீரென்று கேட்டது. அவர் ஒட்டுக்கேட்கிற ஆளில்லை. ஹெட்போனைக் கழற்றப் போனார்.

"ரெண்டு மாசம் தாங்கினா அதிகம்" என்றார் டாக்டர்.

கை அப்படியே நின்றது. யார் பெற்ற பிள்ளையோ என்று மனசு அடித்துக்கொண்டது.

"வேற வழியே இல்லையா சார்?"

"நுரையீரல் முழுக்கப் பரவிடுச்சு. காலையிலதான் ரிப்போர்ட் வந்துச்சு."

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இப்ப எனக்கு மைக் மாட்டிவிட்டுப் போனாரே, அவர்தான்யா. கூட்டம் முடியட்டும். அதுவரைக்குமாவது நிம்மதியா இருக்கட்டும்."

டாக்டர் மேடை ஏறினார். மைக்செட்காரரின் விரல், பழகிய பழக்கத்தில், ஸ்பீக்கரைத் திறந்துவிட்டது.

"எல்லாம் தெளிவா கேக்குதா?" டாக்டர் சிரித்தபடி கடைசி வரிசையைப் பார்த்தார்.

மைக்செட்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.